பேனா தூக்காத எழுத்து

கொச்சியின் மட்டாஞ்சேரியில் யூதர் தெருவுக்குப் போனால் பரதேசி ஜெபக்கூடத்தின் மணிக்கூண்டைச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். 1760-களில் எசக்கியேல் ரஹபி என்ற வணிகர் எழுப்பியது. ஒரு முகப்பில் ரோமன் எண்கள், இன்னொன்றில் ஹீப்ரு எழுத்துகளே எண்களாக, மற்றொன்றில் மலையாள எண்கள். அவரவர் எழுத்தில் அவரவர் மணி பார்த்துக்கொள்ளலாம். அந்த ஜெபக்கூடத்தாரின் பொக்கிஷமான செப்பேடு, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவி சுமார் 1000-ஆம் ஆண்டில் கொடுத்தது. அது இருப்பது வட்டெழுத்தில். 1579-இல் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்ற தமிழ் நூல் அச்சானதும் இந்தக் கொச்சியில்தான். இன்றைக்கும் கொங்கணி, குஜராத்தி, தமிழ் எல்லாம் ஒரு மைல் சுற்றளவுக்குள் காதில் விழும்.

இப்படிப்பட்ட ஊரில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் வருஷமே ஒரு கேள்வி வரும்: எந்தக் கையெழுத்தைப் பழக்குவது? பள்ளியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. நாலு கோடு நோட்டு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். வீட்டிலோ மூன்று மொழிக்கும் தேர்வு நம் கையில். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம். மூன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பாணிகள் உண்டு.

பெரும்பாலோர் அச்சடித்த மாதிரிகளை மேஜைமேல் பரப்பி, பார்க்க எது லட்சணமாக இருக்கிறதோ அதை எடுத்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு. கையெழுத்தின் ருசி அது எழுதப்படும்போது கை போகும் வழியில் இருக்கிறது. ஓட்டம் சரியாக இருந்தால் வடிவம் பின்னாலேயே வந்துவிடும். வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் ஓட்டம் வரவே வராது.

இதற்குக் கொச்சியிலேயே அருமையான சாட்சி உண்டு. இங்கே டச்சு ஆட்சியின் தலைவராக இருந்த வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்ற தாவர நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. செடிகளின் படங்களில் பெயர்கள் லத்தீன், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் வைத்தியர் கோலெழுத்தில் தந்த சான்றுரையும் உண்டு. கோலெழுத்து நம் வட்டெழுத்தின் வாரிசு. செம்புத் தகட்டில் செதுக்கிய டச்சுக் கைவினைஞர்களுக்கு இந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கோட்டுக்குக் கோடு பார்த்துச் செதுக்கினார்கள். அபாரமான வேலை, ஆனால் அது எழுதியது ஆகாது, வரைந்தது.

நம் பிள்ளைகளும் ஆரம்பத்தில் இதைத்தான் செய்கிறார்கள். சுவரில் தொங்கும் அரிச்சுவடியைப் பார்த்துத் தானாக ‘அ’ எழுதும் குழந்தையைக் கவனியுங்கள். முதலில் வலப்பக்க நேர்கோட்டைப் போடும். அப்புறம் இடப்பக்கம் வந்து ஒரு சுழி. பிறகு இரண்டையும் எப்படியோ ஒட்டும். முடிந்ததும் பார்த்தால் ‘அ’ மாதிரியேதான் இருக்கும், நாமும் ‘சபாஷ்’ என்போம். வினை நாலைந்து வருஷம் கழித்துத் தெரியும். ஒரு பக்கம் வேகமாக எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்று பேனாவைக் கீழே வைத்துவிடும்.

கேரளத்தின் பழைய நிலத்தெழுத்துக் களரிகளுக்கு இது தெரிந்திருந்தது. தரையில் மணல் பரப்பி, பிள்ளையின் விரலை ஆசான் தன் கையில் பிடித்து இழுத்துப் போவார். விஜயதசமியன்று வடக்கன் பறவூர் மூகாம்பிகை கோயிலில், உருளியில் பரப்பிய அரிசியில் ‘ஹரிஸ்ரீ’ எழுதவைப்பதும் அதே முறைதான். மணலும் அரிசியும் வடிவத்தைக் காப்பாற்றி வைக்கிற பொருள்கள் இல்லை. எங்கே தொடங்கி எப்படித் திரும்புவது என்பதை விரல் கற்றுக்கொண்டால் போதும். வீட்டில் எழுத்துப் பழக்குகிறவர்கள் முதல் சில மாதங்களுக்கு நோட்டையே வாங்க வேண்டியதில்லை. ஒரு தட்டில் ரவை போதும்.

இனி மலையாளம். இங்கே பழைய லிபியா, புதிய லிபியா என்பதுதான் கேள்வி. கோட்டயத்தில் மிஷனரி பெஞ்சமின் பெய்லி வார்த்த உருண்டை அச்சுகள் 19-ஆம் நூற்றாண்டில் மலையாளத்துக்கு ஒரு முகத்தைக் கொடுத்தன. ஆனால் கூட்டெழுத்துகள் ஏராளம். தட்டச்சுப் பொறியின் சில டஜன் விசைகளுக்குள் அவை அடங்கவில்லை. 1971-இல் கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. உகர, ஊகாரக் குறிகளும் ரகரக் குறியும் எழுத்திலிருந்து கழன்று தனியாக நின்றன.

இதைக் கையால் எழுதிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். பழைய லிபியில் ‘கு’ எழுதும்போது ககரத்தின் கடைசி வளைவு முடிகிற இடத்திலேயே உகரத்தின் வால் தொடங்கிவிடும். பேனா தாளைவிட்டு எழாது. புதிய லிபியில் ககரத்தை முடித்து, பேனாவைத் தூக்கி, பக்கத்தில் ஒரு குறியைப் போட வேண்டும். ‘க்ர’ இன்னும் சுவாரசியம். பழைய முறையில் ககரம் முடிந்ததும் பேனா எழுத்தின் அடியாகவே இடப்பக்கம் போய் மேலே வளைந்து நிற்கும். ககரத்துக்குப் பின் ரகரம் என்று காது கேட்ட வரிசையிலேயே கையும் போகிறது. புதிய முறையில் அந்த ரகரக் குறி முன்னால் போய்த் தனியாக நின்றுகொண்டது.

அச்சில் புதியதைப் படித்த தலைமுறைகூடக் கையால் எழுதும்போது பழையதற்கே நழுவுவதைப் பார்க்கலாம். 1999-இல் சித்ரஜகுமாரும் ஹுசைனும் தொடங்கிய ‘ரசனா’ இயக்கம், கணினியில் தட்டச்சுப் பொறியின் நெருக்கடி கிடையாது என்று காட்டிப் பழைய லிபியை எழுத்துருவாக மீட்டது. 2022-இல் அரசுத் தரப்பிலும் பழைய வடிவங்களில் ஒரு பகுதிக்குத் திரும்பும் முடிவு வந்தது. ஆக, மட்டாஞ்சேரிப் பிள்ளைக்கு மலையாளத்தில் என் சிபாரிசு பழைய லிபி. படிக்க இரண்டும் தெரியட்டும். எழுத அதுதான் சுகம்.

தமிழுக்கு வந்தால், நம்மிடமும் ஒரு சீர்திருத்தம் உண்டு. பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட வடிவங்களை 1978-இல் தமிழக அரசு ஏற்றது. ‘லை’, ‘னை’ எழுத்துகள் யானை துதிக்கையைத் தூக்கியது போல நின்ற வடிவம் அன்றோடு போயிற்று. அந்தத் துதிக்கை அழகு எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அதைப் பிள்ளைக்குப் பழக்கச் சொல்ல மாட்டேன்; தாத்தாவின் கடிதங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். நம்முடைய உண்மையான அதிர்ஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. உகர வரிசையையும் பிரித்துவிட வேண்டும் என்று கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி போன்றவர்கள் வாதாடியும் அது நடைமுறைக்கு வரவில்லை. அதனால் ‘டு’ இன்னும் டு-வாகவே இருக்கிறது: கீழே இறங்கி, வலப்பக்கம் நடந்து, அப்படியே மேலே சுழலும் ஒற்றை இழுப்பு. மலையாளம் இழந்து தேடிக்கொண்டிருப்பது நம்மிடம் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

ஆங்கிலத்தில்தான் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள். முதலில் வட்டமும் குச்சியுமாகத் தனித்தனி எழுத்து, இரண்டு வருஷம் கழித்துக் கொக்கியும் வளையமுமாகக் கர்சிவ் என்பது பள்ளி வழக்கம். ஒரே மொழிக்கு இரண்டு முறை எழுதப் படிப்பது வீண் உழைப்பு. கர்சிவின் ‘எஸ்’ஸும் ‘ஆர்’ரும் புத்தகத்தில் பார்க்கும் எழுத்துகளோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கும். இதற்கு நடுவே இட்டாலிக் இருக்கிறது. ரோமில் லுடோவிகோ அர்ரிகி 1522-இல் அச்சிட்ட கையேட்டில் கற்றுத்தந்த கை; 1932-இல் இங்கிலாந்தின் ஆல்ஃப்ரெட் ஃபேர்பேங்க் அதற்குப் புதுக் கையேடு எழுதினார். தனித்தனியாகத் தொடங்கிய அதே எழுத்துகள், கை பழகப் பழகச் சின்ன இணைப்புகளோடு சேர்ந்துகொள்ளும். எதையும் மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

பழக்கும் வரிசையிலும் ஓட்டமே வழிகாட்டட்டும். மலையாளத்தில் அகரத்தில் தொடங்காமல் ‘தற, பற’ என்று ஆரம்பித்த பழைய பாடப்புத்தகம் இன்றும் கேரளத்தில் எல்லார் நாவிலும் இருக்கிறது. எளிய வளைவுகள் முதலில். தமிழில் ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கி ‘படம்’ எழுதிவிடலாம். ‘அ’, ‘இ’, ‘ஐ’ காத்திருக்கும். இங்கிலாந்தில் மரியன் ரிச்சர்ட்சன் 1935-இல் எழுத்துக்கு முன் அலையும் சுழியுமான கோலங்களை வரையப் பழக்கினார். நமக்குச் சிக்குக் கோலம் வாசலிலேயே இருக்கிறது. அதைப் பையன்களும் போடட்டும்.

வீட்டில் படிக்கும் பிள்ளையும் ஒரு நாள் தேர்வு எழுதத்தான் வேண்டும். என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வுக் கூடத்தில் மணிக்கணக்காக எழுதும்போது அலங்காரம் காலை வாரும், ஓட்டம் கைகொடுக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை நாம் தேர்ந்த பாணியை வளைத்து, சாய்த்து, தன் இஷ்டத்துக்கு மாற்றும். மாற்றட்டும். அடுத்தவரால் படிக்க முடிகிறதா, கை வலிக்காமல் இருக்கிறதா, நினைப்பின் வேகத்துக்குப் பேனா ஈடுகொடுக்கிறதா என்ற மூன்றை மட்டும் பார்த்துவிட்டு நாம் நோட்டை மூடிவிடலாம்.