டைனா பேச்சை மாற்றினாள்

‘ஆடம் பீட்’ நாவலின் கடைசி இரண்டு மூன்று பக்கங்களைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டுமென்று எனக்கு வெகு நாளாக ஆசை. ஜார்ஜ் எலியட் 1859-ல் வெளியிட்ட நாவல் இது. படித்தவர்கள் நினைவில் நிற்பது பெரும்பாலும் ஹெட்டியின் கதைதான். அழகான பெண், பண்ணை எஜமானின் பேரனிடம் ஏமாந்து, பெற்ற குழந்தையைக் காட்டில் புதைத்துவிட்டு, தூக்குமேடை வரையில் போய்த் திரும்புகிறாள். நினைவில் நிற்க வேண்டிய கதைதான். ஆனால் அந்தத் துன்பமெல்லாம் முடிந்து, எல்லாருக்கும் கொஞ்சம் வயதாகிவிட்ட பிறகு, 1807-ம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் நடக்கிற சின்னப் பேச்சு ஒன்று இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு ஹெட்டியின் கதையைவிட அது அதிகமாக உறுத்துகிறது.

பேச்சு இதுதான். டைனா மாரிஸ் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவள். இப்போது தச்சன் ஆடமின் மனைவி, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். பெண்கள் பிரசங்கம் செய்யக் கூடாது என்று மெதடிஸ்டு சபையின் மாநாடு விதித்துவிட்டது. அவளும் விட்டுவிட்டாள் என்ற சேதி பேச்சோடு பேச்சாக வருகிறது. ஆடமின் தம்பி ஸெத்துக்கு மனம் தாங்கவில்லை. அப்படி ஒரு சபையில் இருப்பானேன், கட்டுப்பாடு இல்லாத வேறு கூட்டத்தில் போய்ச் சேர்ந்திருக்கலாமே என்கிறான். ஆடம் சம்மதிக்கவில்லை. பிரசங்கம் செய்கிற பெண்களில் பெரும்பாலோர் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறார்கள், அதைக் கண்டுதான் டைனா மற்றவர்களுக்கு முன்மாதிரியாக அடங்கினாள், அது எனக்கும் சம்மதந்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். ஸெத் வாயை மூடிக்கொள்கிறான். டைனா என்ன சொல்கிறாள்? ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஏதோ விஷயத்தைக் கேட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நாவலின் இரண்டாவது அத்தியாயத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். ஊர்ப் பசும்புல் மைதானத்தில் ஒரு வண்டியின் மேல் நின்றுகொண்டு டைனா பேசுகிறாள். பஞ்சாலைக் கூலிப் பெண். குதிரைமேல் வந்த வழிப்போக்கர் ஒருவர், வேடிக்கை பார்க்கலாம் என்று நின்றவர், பேச்சு முடிகிற வரையில் நகரவில்லை. அந்தப் பிரசங்கத்தை ஆசிரியை சுருக்கிச் சொல்லவில்லை. பக்கம் பக்கமாக, குரல் ஏறுவதும் இறங்குவதும் கேட்கும்படி எழுதியிருக்கிறாள். அதே வழிப்போக்கர் பின்னால் சிறைச்சாலை வாசலில் மறுபடி வருகிறார். அவர் ஒரு நீதிபதி. அன்று கேட்ட பேச்சு ஞாபகம் இருந்ததால், டைனாவை ஹெட்டியின் அறைக்குள் போக விடுகிறார். குழந்தையே பெறவில்லை என்று சாதித்தவள் ஹெட்டி. ஊர்ப் பாதிரியார் இர்வைன் நல்ல மனிதர், படித்தவர். அவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. டைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் அழுது எல்லாவற்றையும் சொல்கிறாள். பட்டம் பெற்ற குருவால் முடியாத காரியத்தை ஆலைக்காரி செய்கிறாள். இவ்வளவு பெரிய குரலை எழுப்பிக் காட்டிய நாவலாசிரியை அதை நாலு வரியில் அணைத்துவிடலாமா என்பதுதான் என் கேள்வி.

சபையின் சரித்திரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மெதடிஸ்டு இயக்கத்தை ஆரம்பித்த ஜான் வெஸ்லிக்கு ஒரு தாயார் இருந்தாள், ஸுஸன்னா என்று பெயர். 1712-ம் வருஷ வாக்கில் அவளுடைய கணவர், அவரும் பாதிரியார்தான், லண்டனுக்குப் போயிருந்தார். பதிலுக்கு வந்த உதவிக் குருவின் பிரசங்கம் சாரமில்லை. இவள் ஞாயிறு மாலையில் குழந்தைகளையும் வேலைக்காரர்களையும் உட்கார வைத்துப் பிரசங்கப் புத்தகம் படித்தாள். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். கூட்டம் இருநூறு பேர் வரையில் பெருகிவிட்டது. உதவிக் குரு லண்டனுக்குப் புகார் எழுதினார். கணவர், பெண்பிள்ளை இப்படிச் செய்வது நன்றாக இல்லையே என்று மனைவிக்கு எழுதினார். அவள் எழுதிய பதில் பிரசித்தமானது. நிறுத்தத்தான் வேண்டுமென்றால், நிறுத்தினால் தேவலை என்று எழுதாதீர்கள். நிறுத்து என்று தெளிவாகக் கட்டளையிடுங்கள். கடைசி நாளில் கடவுள் கேட்கும்போது என் பேரில் குற்றம் இருக்கக் கூடாது என்று கேட்டாள். கீழ்ப்படிய மாட்டேன் என்று சொல்லவில்லை. கணவன் தலைவன் என்ற உபதேசத்தை எழுத்துக்கு எழுத்து ஏற்றுக்கொண்டு, பாரத்தைத் தூக்கி அந்தத் தலைவன் தலையிலேயே வைத்துவிட்டாள்! இந்த அம்மாளை எந்த நாவலாசிரியரும் கற்பனையில் படைத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அப்போது ஜானுக்கு எட்டு வயது.

பெண்கள் சபையில் பேசாமலிருக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் வீட்டில் கணவனைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது எல்லாருக்கும் தெரிந்த வாக்கியம். அதே நிருபத்தில், மூன்று அதிகாரம் முந்தி, ஜெபம் பண்ணுகிற பெண்ணும் தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண்ணும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவரே விதிக்கிறார். பேசவே கூடாதவளுக்கு, பேசும்போது தலையில் என்ன இருக்க வேண்டும் என்ற விதி எதற்கு? வெஸ்லி இதைக் கவனித்தவர். மேரி போஸன்கெட் என்ற பெண்ணுக்கு 1771-ல் எழுதிய கடிதத்தில், பவுலே சில விதிவிலக்குகளை ஒப்புக்கொண்டிருக்கிறார், நமது இயக்கம் முழுவதுமே கடவுளின் அசாதாரணமான ஏற்பாடுதான், ஆகவே அசாதாரணமான அழைப்பு உள்ள பெண் பேசலாம் என்று வழி செய்துகொடுத்தார்.

வெஸ்லி 1791-ல் இறந்தார். 1803-ல் மான்செஸ்டரில் கூடிய மாநாடு அந்த வழியை அடைத்தது. அதற்குச் சொன்ன காரணங்கள் இரண்டு. ஜனங்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது பிடிக்கவில்லை என்பது ஒன்று. பிரசங்கம் செய்ய நம்மிடம் ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. அசாதாரண அழைப்பு உண்டென்று எவளாவது நினைத்தால், மேலாளர் அனுமதியும் சபைக் கூட்டத்தின் அனுமதியும் பெற்றுக்கொண்டு, பெண்களுக்கு மட்டும் பேசலாம். வேதத்தில் இப்படிச் சொல்லியிருக்கிறது என்று சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திராது. ஆள் போதும் என்று சொன்னார்களே, அதுதான்! வயல்வெளியிலும் சுரங்க வாசலிலும் கல்லடி பட்ட நாளில் பெண் வேண்டியிருந்தாள். கோவில் கட்டி, பெஞ்சி போட்டு, கௌரவம் வந்த பிறகு அவள் வேண்டியிருக்கவில்லை. ஆற்றைக் கடக்கிற மட்டும் அண்ணன் தம்பி. பிரிட்டனில் அந்தச் சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க 1974 வரை ஆயிற்று.

டைனாவுக்கு மூலமாக இருந்தவள் ஆசிரியையின் சித்தப்பாவின் மனைவி எலிசபெத் எவன்ஸ். 1802-ல் நாட்டிங்ஹாம் சிறையில், குழந்தையைக் கொன்ற மேரி வோஸ் என்ற பெண்ணோடு இரவெல்லாம் இருந்து பிரார்த்தித்து, மறுநாள் தூக்குமேடைக்குப் போன வண்டியிலும் கூடப் போனவள். இந்தக் கதையைச் சித்தி சொல்லக் கேட்டதுதான் நாவலின் வித்து. நாவலில் தூக்கு நின்றுவிடுகிறது, நிஜத்தில் நிற்கவில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. மாநாடு தடுத்த பிறகும் எலிசபெத் எவன்ஸ் பிரசங்கத்தை விட்டுவிடவில்லை. பின்னால் பெண் பேசுவதைத் தடுக்காத வேறொரு மெதடிஸ்டுக் கிளையில் கணவரோடு போய்ச் சேர்ந்தாள். அதாவது ஸெத் சொன்னதைச் செய்தாள். நிஜச் சித்தி பேசிக்கொண்டே இருந்தாள். கதைச் சித்தி அடங்கிவிட்டாள்.

முடிவைப் பற்றி விமர்சகர்கள் குறைப்பட்டதெல்லாம் கல்யாணத்தைப் பற்றித்தான். ஹென்றி ஜேம்ஸ் 1866-லேயே அது வேண்டாமே என்றார். டைனா ஆடமை மணக்கட்டும் என்று யோசனை சொன்னவர் லூயிஸ், ஆசிரியையின் வாழ்க்கைத் துணைவர். ஆரம்ப அத்தியாயங்களைக் கேட்டுவிட்டு, வாசகர்கள் இவள்மேல்தான் கண் வைப்பார்கள், கடைசியில் இவள்தான் முன்னே நிற்க வேண்டும் என்றாராம். அவளை முன்னே நிறுத்துவதற்காகச் செய்த கல்யாணம் அவளை வாசலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஆனால் எனக்குக் கல்யாணத்தில் ஆட்சேபமில்லை. அவள் அடங்கினாள் என்பதில்கூட இல்லை. அடங்கிய பெண்கள் அந்தக் காலத்தில் எவ்வளவோ பேர் இருந்திருப்பார்கள். அவள் அடங்கிய அந்த இரவை எனக்குக் காட்டவில்லை என்பதுதான் என் ஆட்சேபம். ஹெட்டி நிலைக்கண்ணாடி முன் நிற்கும்போது அவள் நெஞ்சுக்குள் போகிற ஆசிரியை, ஆர்தர் தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்ளும்போது கூடவே நடக்கிற ஆசிரியை, இங்கே மட்டும் கதவைச் சாத்திவிடுகிறாள். டைனாவின் காரணம் நமக்கு அவள் கணவன் வாயாகத்தான் தெரிகிறது. கடவுள் கூப்பிட்டார் என்று சொன்னவள், கூப்பிட்டது பொய்யா, மாநாடு தடுத்தது தப்பா என்று ஒரு நாளாவது தூக்கமில்லாமல் புரண்டிருக்க மாட்டாளா? அந்த அத்தியாயம் எழுதப்படவில்லை. மாநாட்டின் தீர்மானத்துக்கு டைனாவோடு நாவலாசிரியையும் சேர்ந்து கட்டுப்பட்டுவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏன் என்று ஊகிக்கலாம். மேரி ஆன் எவன்ஸ் அப்போது ஓர் ஆண் பெயருக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தவள். மனைவி உயிரோடிருக்கும் ஒருவருடன் வாழ்ந்ததற்காக அண்ணன் உறவை அறுத்துவிட்டான். நாவல் வெளிவந்து பேரெடுத்ததும், இதை எழுதியவர் லிகின்ஸ் என்ற யாரோ ஓர் ஆண்பிள்ளை என்று ஊரெல்லாம் பேச, வேறு வழியில்லாமல் தான்தான் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பெண் வாய் திறந்தால் என்ன விலை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தவள் எழுதியிருக்கலாமே என்பது என் பேராசை.

இருந்தாலும் அவள் ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறாள், அது ஸெத். ஸெத் சொல்கிற வேறு கூட்டம் வெறும் கற்பனையல்ல. கதையின் அந்த ஜூன் மாலைக்குச் சரியாக ஒரு மாதம் முந்தி, 1807 மே 31-ல், ஸ்டாஃபோர்ட்ஷயர் எல்லையிலுள்ள மௌ காப் என்ற குன்றில் ஹ்யூ போர்ன் என்பவர் திறந்தவெளிக் கூட்டம் நடத்தினார். அதிலிருந்து கிளைத்த சபையில் பெண்கள் பிரசங்கம் செய்தார்கள். ஆசிரியை இந்தத் தேதியை எண்ணித்தான் வைத்தாளோ, தற்செயலோ.

நாவலின் மூன்றாவது அத்தியாயத்தில் ஸெத் டைனாவைத் தன்னை மணந்துகொள்ளச் சொல்லிக் கேட்கிறான். பிரசங்க ஊழியத்துக்குத் தன்னைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அவள் மறுக்கிறாள். அந்த ஊழியத்துக்காகத் தள்ளப்பட்டவன், கடைசிப் பக்கத்தில் அண்ணன் குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு நிற்கிறான். அந்த வீட்டில் அந்த ஊழியம் போயிற்றே என்று வாய்விட்டு வருத்தப்படுகிறவன் அவன் ஒருவன்தான்.