பேதுருவின் பேச்சும் தானியேலின் கனவும்

இறையியல் கல்லூரிகளில் அருளுரைப் பயிற்சி வகுப்பு என்று ஒன்று உண்டு. மாணவர் ஒருவர் பிரசங்கிப்பார். ஏனைய மாணவரும் ஆசிரியரும் அமர்ந்து குறைநிறைகளைக் குறித்துக்கொள்வர். அத்தகைய வகுப்பொன்றில், பல ஆண்டுகட்கு முன், நாம் ஆசிரியராக அமர்ந்திருந்தோம். கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர், புயலை அமர்த்திய ஆண்டவரைக் குறித்துத் தம் ஊர்ப் பேச்சிலேயே தொடங்கினார். காற்றுக்கும் அலைக்கும் அவர் வழங்கிய சொற்களை நாம் அதற்குமுன் கேட்டதில்லை. வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம், பின்பு, "இது கடற்கரை அன்று, பிரசங்க பீடம்" என்று திருத்தினோம். அவர் மீண்டும் தொடங்கினார். இம்முறை பேச்சில் பிழையில்லை, புயலும் இல்லை. குறிப்பேட்டில் "உச்சரிப்பில் முன்னேற்றம்" என்று எழுதினோம். அக்குறிப்பு சரிதானா என்னும் ஐயம் அன்றுமுதல் நம்மை விடவில்லை.

ஒருவருடைய பேச்சின் சாயலையும், அவருக்குள் வாழும் பல மொழிகளையும் திருமறை எவ்வாறு கையாளுகிறது? நம் மொழிபெயர்ப்புகளும் பிரசங்கங்களும் அவற்றை எவ்வாறு கையாளுகின்றன? இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் பணியாகும்.

1. யோர்தான் துறையில் ஓர் ஒலி

நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில், யெப்தாவின் கீலேயாத்தியர் யோர்தான் துறைகளைப் பிடித்துக்கொண்டு, தப்பியோடி வரும் எப்பிராயீமரை ஒரே சொல்லால் சோதிக்கின்றனர். அச்சொல்லுக்குக் கதிர் என்றும் நீரோட்டம் என்றும் பொருள் உண்டு. ஆனால் அங்குப் பொருளைக் கேட்பார் எவருமில்லை. முதல் ஒலி ஒன்றே வழக்கும் சாட்சியும் தீர்ப்புமாகிறது. மடிந்தோர் தொகை 42,000 என்கிறது நூல். இதனை ஆண்டவர் கட்டளையிட்டதாக ஆசிரியர் கூறவில்லை என்பதும் கருதத்தக்கது.

எப்பிராயீமர் ஏன் தம் நாவைத் திருத்திக்கொள்ளவில்லை என்று கேட்போர் உளர். குழந்தை பிறந்து ஏறத்தாழ ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே, தன் தாய்மொழி வேறுபடுத்தாத ஒலிகளைப் பிரித்தறியும் ஆற்றல் அதனிடம் குறையத் தொடங்குகிறது என்பது மொழியியலார் கண்ட உண்மை. நா தவறுவதற்கு முன்னரே செவி அடைபட்டுவிடுகிறது. எனவே உயிருக்குப் போராடும் வேளையிலும் அவ்வொலி வாயில் வருவது எளிதன்று.

இப்பகுதியை மொழிபெயர்ப்பதும் எளிதன்று. கிரேக்க மொழியில் அவ்வொலிக்கு எழுத்தில்லை. ஆகவே பண்டைய கிரேக்கப் படிகளுள் ஒன்று 'கதிர்' என்று சொல்லச் சொல்கிறது. மற்றொன்று 'அடையாளச் சொல்' என்று சொல்லச் சொல்கிறது. இரண்டிலும் கதை எஞ்சியது, ஒலி மறைந்தது. தமிழில் கிரந்த எழுத்தின் துணையால் 'ஷிபோலேத்' என்றும் 'சிபோலேத்' என்றும் வேறுபடுத்தி அச்சிட முடிந்தது. ஆயினும் சிற்றூர்ச் சபையொன்றில் எளிய வாசகர் ஒருவர் இப்பகுதியை வாசிக்கும்போது, இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே ஒலிப்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அதனைப் பிழை எனத் தள்ளிவிடலாகாது. அப்பகுதிக்கு அதனினும் சிறந்த விரிவுரை வேறில்லை எனலாம். அன்று துறையில் நின்றிருந்தால் நம் சபையார் எந்தப் பக்கத்தில் விழுந்திருப்பர் என்பதை அவ்வாசிப்புக் காட்டிவிடுகிறதன்றோ?

2. முற்றத்தில் ஒரு கலிலேயன்

பேதுருவின் மறுதலிப்பை நான்கு நற்செய்தியாளரும் கூறுகின்றனர். ஆனால் அவனுடைய பேச்சே அவனைக் காட்டிக்கொடுத்தது என்பதை வெளிப்படையாக உரைப்பவர் மத்தேயு (26:73). லூக்கா அவன் கலிலேயன் என்பதோடு நிறுத்துகிறார். யோவான் தோட்டத்தில் அவனைக் கண்ட சாட்சியைக் கொணர்கிறார். மாற்குவின் பிற்காலப் படிகளில் பேச்சைப் பற்றிய தொடர் இருப்பினும், பழம்படிகளில் அது காணப்படவில்லை.

கலிலேயரின் பேச்சு யூதேயர் செவிக்கு எவ்வாறிருந்தது என்பதைப் பாபிலோனியத் தல்மூதிலுள்ள ஒரு நகைச்சுவைக் கதை உணர்த்துகிறது. அது பேதுருவின் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பின்னர்த் தொகுக்கப்பட்ட நூலாயினும் பழைய கேலியைப் பேணி வைத்துள்ளது. கலிலேயன் ஒருவன் சந்தையில் 'அமர்' வேண்டும் என்கிறான். சூழ நிற்போர், ஏறிச்செல்லும் கழுதையா, குடிக்கும் மதுவா, உடுக்கும் கம்பளியா, அறுக்கும் ஆட்டுக்குட்டியா என்று கேட்டு அவனை மூடன் என்கின்றனர். தொண்டையில் பிறக்கும் ஒலிகளை அவன் ஒன்றாக்கிவிடுவதால் நான்கு பொருளும் அவன் வாயில் ஒரே சொல்லாகிவிடுகின்றன.

இங்கே நாம் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முற்றத்து வேலைக்காரி இயேசுவையும் கலிலேயன் என்றே குறிப்பிடுகிறாள் (மத். 26:69). பேதுருவைக் காட்டிக்கொடுத்த பேச்சு, அவனுடைய ஆண்டவரின் பேச்சும் ஆகும். அவன் "அவரை அறியேன்" என்று எந்த ஒலிப்பில் சொன்னானோ, அவ்வொலிப்பே அவன் அவரை அறிவான் என்பதற்குச் சாட்சியாயிற்று. மறுதலிப்பின் சொற்களை மறுதலிப்பின் ஒலியே மறுத்தது.

ஆண்டவரின் பேச்சுச் சாயல் எழுத்தில் எங்கேனும் தங்கியுள்ளதா? மாற்கு 5:41ஐ நோக்குவோம். யவீருவின் மகளை அவர் எழுப்பிய அரமேயச் சொல் சில படிகளில் 'கூமி' என்றும், பழமையும் சிறப்பும் வாய்ந்த வேறு சில படிகளில் 'கூம்' என்றும் உள்ளது. பெண்பாலுக்குரிய இகர ஈறு இலக்கணப்படி வரவேண்டியது. பேச்சு வழக்கிலோ அது தேய்ந்துபோனது. இலக்கணம் அறிந்த படியெழுதுவோர் ஒருவர் ஈற்றைச் சேர்த்துத் திருத்தியிருத்தல் கூடும். நம் பழைய ஐக்கிய மொழிபெயர்ப்பு 'கூமி' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'கூம்' என்கிறது. இரண்டிற்கும் இடையே ஓர் உயிரொலிதான் வேறுபாடு. ஆனால் இறந்த சிறுமியின் படுக்கையருகே நின்று வீட்டுப் பேச்சில் அழைக்கும் குரல் அந்த இடைவெளியில்தான் கேட்கிறது. அருளுரை வகுப்பில் நாம் செய்த திருத்தமும் அப்படியெழுதுவோர் செய்ததைப் போன்றதே.

3. கனவு எம்மொழியில் வரும்?

பேச்சில் நாம் மொழியைத் தேர்ந்துகொள்கிறோம். கனவில் தேர்ந்துகொள்வோர் யார்? தானியேலின் நூல் இக்கேள்வியைத் தன் அமைப்பிலேயே சுமந்து நிற்கிறது. எபிரெயத்தில் தொடங்கும் அந்நூல், அரசனுடைய கனவைப் பற்றிய உரையாடலின் நடுவே (2:4) அரமேயத்திற்கு மாறி, ஏழாம் அதிகார முடிவுவரை அதிலேயே நடந்து, எட்டாம் அதிகாரத்தில் எவ்வித அறிவிப்புமின்றி எபிரெயத்திற்குத் திரும்புகிறது. கும்ரானில் கிடைத்த சுருள்களும் இவ்விரு திருப்பங்களையும் காட்டுகின்றன. எனவே இது பிற்காலப் படியெடுப்பில் நேர்ந்த குழப்பமன்று. இதற்குக் காரணம் யாதென்பதில் அறிஞர் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை.

நூலின் மொழியே கனவின் மொழி என்று சாதிக்க நாம் துணியோம். ஆயினும் அமைப்பு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தானியேல் சிறுவயதில் அந்நிய அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர்களுடைய எழுத்தும் மொழியும் கற்பிக்கப்பட்டு, பெயரும் மாற்றப்பட்டவன். நேபுகாத்நேச்சாரின் கனவுகள் மட்டுமல்ல, தானியேல் தானே கண்டு எழுதிவைத்த முதற்கனவும் (7:1) அரமேயத்திலேயே உள்ளது. பேரரசுகள் கடலினின்று எழும் விலங்குகளாக வீழ்ச்சியுறுவதை, பேரரசுகளின் ஆட்சி மொழியிலேயே அடிமைப்பட்டவன் எழுதுகிறான். ஆனால் தன் மக்களின் பாவத்தை அறிக்கையிட்டு அழும் ஒன்பதாம் அதிகார மன்றாட்டு எபிரெயத்தில் அமைகிறது. கற்ற மொழி ஆராயவும் எதிர்க்கவும் கருவியாயிற்று. அழுவதற்கோ தாய்மொழி வேண்டியதாயிற்று.

இப்பெரும் மாற்றம் நம் மொழிபெயர்ப்புகளில் எங்கே? இரண்டாம் அதிகாரத்தில் மொழியின் பெயர் ஒரு சொல்லாக நிற்கிறது, அவ்வளவே. தமிழ் நடை முதலிலிருந்து இறுதிவரை ஒன்றே. மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஒரு மொழியில் இருமொழி நூலைத் தருவது அரிது. எனினும் இனி வரும் பதிப்புகள் எட்டாம் அதிகாரத் தொடக்கத்தில் ஒரு சிறு குறிப்பேனும் தருமாயின், வாசகர் தாம் ஒரு மொழியைக் கடந்து வேறொன்றில் நுழைவதை உணர்வர். தானியேலை இலத்தீனில் பெயர்த்த ஜெரோமும், தாம் அரமேயத்தைப் படித்து உணர்வதில் தேறியவராயினும் ஒலிப்பதில் அவ்வளவு தேறவில்லை என்று முன்னுரையில் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார்.

அந்த ஜெரோமின் கனவும் இங்கு நினைக்கத்தக்கது. 384இல் எழுதிய மடலொன்றில் அவர் அதனை விவரிக்கிறார். உபவாசமிருந்து சிசரோவைப் படித்த அவருக்கு, தீர்க்கதரிசிகளின் நடை செப்பமற்றதாய்ப் பட்டு வெறுப்பூட்டியது. காய்ச்சலில் கிடக்கையில், நியாயாசனத்தின்முன் நிறுத்தப்பட்டு, நீ கிறிஸ்தவனல்லன், சிசரோவைச் சேர்ந்தவன் என்று தீர்ப்பளிக்கப்படுவதாகக் கனவு கண்டார். தீர்ப்புப் பெற்றது அவருடைய கொள்கையன்று, அவருடைய செவி. இறைவாக்கு கரடுமுரடான ஒலியில் வந்தபோது அதனைக் கேட்க மறுத்த செவி அது.

4. பெயர் சொல்லி அழைத்த குரல்

அப்போஸ்தலர் நூலில் பவுலின் மனந்திரும்புதல் மூன்று முறை வருகிறது. மூன்றாம் முறை, அகிரிப்பாவின்முன், அக்குரல் எபிரெய மொழியில் பேசியது என்று பவுல் சேர்த்துச் சொல்கிறார் (26:14). கிரேக்க மூலத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. கதையை நடத்துகையில் லூக்கா 'சவுலோஸ்' என்று கிரேக்க ஈறு சேர்த்தே எழுதுகிறார். வானத்துக் குரல் அழைக்கும்போதும் அனனியா அழைக்கும்போதும் மட்டும் ஈறில்லாத 'சவூல்' என்னும் செமிட்டிய வடிவம் வருகிறது. கிரேக்கமும் எபிரெயமும் அறிந்த அம்மனிதரை ஆண்டவர் எந்த மொழியிலும் அழைத்திருக்கலாம். வீட்டில் அழைக்கும் பெயரால் அழைத்தார். தமிழில் இரண்டும் 'சவுல்' என்றே நிற்பதால் இந்நெருக்கம் நமக்குப் புலனாவதில்லை.

5. பிரசங்க பீடத்தின் தமிழ்

ஆப்பிரிக்கரான அகுஸ்தீன், இத்தாலியர் தம் ஒலிப்பைக் கேலி செய்ததைக் குறிப்பிட்டுள்ளார். மனிதன் என்னும் சொல்லின் முதல் மூச்சொலியை விட்டுவிடுவதைப் பெருங்குற்றமாக எண்ணுவோர், மனிதனைப் பகைப்பதைக் குற்றமாக எண்ணுவதில்லை என்று தம் அறிக்கை நூலில் நொந்துகொள்கிறார். பிரசங்கியார்க்கு அவர் தரும் ஆலோசனை இன்னும் தெளிவானது. இலத்தீனில் எலும்பையும் வாயையும் குறிக்கும் சொற்கள் உயிரொலியின் நீளத்தால் மட்டுமே வேறுபடும். ஆப்பிரிக்கச் செவி அதனைப் பிரித்தறியாது. ஆதலால் எலும்புக்குப் பாமரர் வழங்கும் கொச்சை வடிவத்தையே போதகர் கூசாமல் சொல்லட்டும் என்கிறார். கேட்போர்க்கு விளங்குவதே அவருடைய அளவுகோல்.

ஆயின் பீடத்தில் ஊர்ப்பேச்சே ஒலிக்க வேண்டுமென்று நாம் விதி செய்துவிடலாமா? அதுவும் தகாது. பல ஊரார் கூடும் சபைக்குப் பொதுத்தமிழ் தேவை. அன்றியும் நம் நாட்டில் பேச்சைக் கேட்ட அளவில் ஊரையும் சாதியையும் கணித்துவிடும் செவிகள் உண்டு. அவை திருச்சபைக்குள்ளும் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து எழுந்த போதகர் பலர் செந்தமிழை விரும்பிக் கற்றமைக்கு அதுவும் ஒரு காரணம். அவர்கட்கு அது பகட்டன்று, அடைக்கலம். முற்றத்தில் நெருப்பருகே நின்ற பேதுருவின் அச்சத்தை அவர்கள் நாள்தோறும் அறிந்தவர்கள். அவர்களிடம், உங்கள் ஊர்ப்பேச்சுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. திருந்த வேண்டியது அவர்கள் நா அன்று. முற்றத்தைச் சூழ நின்று உற்றுக்கேட்கும் செவியே.

பெந்தெகொஸ்தே நாளின் வியப்பும் இதுவே. பல நாட்டார் தத்தம் மொழியில் கேட்டனர் என்பதை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். ஆனால் பேசுவோர் அனைவரும் கலிலேயர் என்பதையும் அக்கூட்டம் கண்டுகொண்டது (அப். 2:7). எதனால் கண்டுகொண்டது என்று லூக்கா கூறவில்லை; பேச்சின் சாயலால் எனில், ஆவியானவர் அந்தச் சாயலை நீக்கவில்லை என்பது பெறப்படும். அதே எருசலேமில், இரண்டு திங்களுக்குள், அதே பேதுரு எழுந்து நிற்கிறான். அன்று அவனைக் குற்றவாளியாக்கிய அடையாளம் இன்று மக்களை வியக்கச் செய்கிறது.

நாம் திருத்திய மாணவர் இன்று கடற்கரைச் சபையொன்றில் போதகராயிருக்கிறார். கடலில் மாண்ட ஒருவரின் அடக்க ஆராதனையில் அவர் பேசக் கேட்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. வேதபாடத்தை நூல்நடையில் வாசித்தார். பின்பு நூலை மூடிவிட்டு, அன்று வகுப்பில் நாம் விலக்கிய சொற்களிலேயே கடலைப் பற்றிப் பேசினார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு சொற்கள் நமக்கு விளங்கவில்லை. ஆராதனை முடிந்தபின் அவரிடமே கேட்டறிந்தோம். அன்று வகுப்பிலேயே கேட்டிருக்க வேண்டும்.