தளை தட்டாத கட்டு

கனடாவின் ஹமில்ரன் உருக்காலைகளின் வாயிலில், விடிவதற்குச் சற்று முன், பாரம் ஏற்றாத பிளாட்பெட் ட்ரெயிலர் ஒன்றைப் பக்கவாட்டில் நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். 48 அடி நீளமும் எட்டரை அடி அகலமும் கொண்ட திறந்த தளம் அது. சுவரும் கூரையும் கிடையாது. பெயரிலேயே தட்டை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் உங்கள் பார்வையை அதன் விளிம்போடு மெல்ல ஓடவிட்டுப் பாருங்கள். முன்னிருந்து மெதுவாக எழுந்து, நடுவில் ஒரு கணம் தங்கி, பின்சில்லுகளை நோக்கி இறங்கும் ஒரு கோடு தெரியும். நல்ல ஓவியன் ஒரே இழுப்பில் எழுதிய புருவம் போன்ற கோடு.

அந்த வளைவை அமைத்தவர்கள் வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். நாற்பதாயிரம் இறாத்தல் பாரம் வந்து அமரும்போது உத்திரங்கள் தாழும். தாழ்ந்தபின் தளம் மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காக, தாழப்போகும் அளவை முன்கூட்டியே உயரமாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வெறுமையாக நிற்கும்போதே அது பாரத்தை நினைத்துக்கொண்டு நிற்கிறது. உருக்குச் சுருள் ஒன்று தளத்தில் இறங்கும் அரை நிமிடத்தில் வளைவு மெல்ல மெல்லத் தணிந்து நேர்கோடாவதை நான் எத்தனையோ விடியல்களில் பார்த்துவிட்டேன். இன்றும் மற்ற வேலையை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறேன்.

பதினொரு ஆண்டுகள் பெட்டி ட்ரெயிலர் ஓட்டியவன் நான். ஏற்றுபவர்கள் ஏற்றுவார்கள், கதவைச் சாத்தி முத்திரை இடுவார்கள், நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். உள்ளே இருப்பதைத் தாளில் படித்து அறிவேன். அந்த வேலை எனக்குச் சோறு போட்டது, வீடு தந்தது. அதை என்றும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பக்கத்துத் தடத்தில் பிளாட்பெட் ஒன்று கடந்துபோகும் போதெல்லாம் என் கண் அதன் பின்னாலேயே போகும். பொன்னிறச் சங்கிலிகள், இழுத்துக் கட்டிய பட்டிகள், சுருக்கமில்லாத கறுப்புத் தார்ப்பாய். ஒருவர் தன் கையால் கட்டிய கட்டை ஊரே பார்க்க வீதியால் எடுத்துச் செல்கிறார். அந்த அழகுதான் நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது.

தளத்தின் மரத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில், எண்ணெய் ஊறியதுபோல் மினுங்கும் அந்தப் பலகை பெரும்பாலும் அபிடாங். தென்கிழக்காசிய மழைக்காடுகளில் வானளாவ வளரும் மரம். நம் கோயில்களில் மணக்கும் வெள்ளைக் குங்கிலியத்தைத் தரும் மரமும் இதுவும் ஒரே குடும்பம். உள்ளே பிசின் ஊறிய மரமாதலால் மழையும் பனியும் உப்பும் இதை எளிதில் தின்பதில்லை. சங்கிலி விழுந்த தழும்பு, ஆணி அடித்த துளை, உருக்குத் துருவின் சிவந்த கறை என்று ஒவ்வொரு பலகையும் தான் சுமந்தவற்றை மேனியில் எழுதி வைத்திருக்கிறது. கோடை மழைக்குப் பின் வெயில் ஏறும்போது இந்தத் தளத்திலிருந்து மெல்லிய மரவாசம் எழும். கனடாவின் பெருவீதியோரம் நின்று அதை முகரும் கணத்தில், எங்கோ ஒரு வெப்பக்காடு அருகில் வந்து நிற்கிறது.

இனி உருக்குச் சுருளுக்கு வருவோம். ஹமில்ரனில் 1910இல் ஸ்டெல்கோ, 1912இல் டொஃபாஸ்கோ என்ற உருக்கு நிறுவனங்கள் தொடங்கின. உருக்கோடு பிணைந்த நகரம் இது. தகடாக உருட்டிய உருக்கைப் பெரிய பாய்போலச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். ஒரு பெரிய சுருள் 40,000 இறாத்தல் இருக்கும், அதாவது ஏறக்குறைய பதினெட்டுத் தொன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான மெல்லிய வளையங்கள், ஒன்றையொன்று தழுவியபடி, வைரம் பாய்ந்த மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் தெரியும். சில சுருள்கள் ஆலையின் சூடு ஆறாமலே வரும். தை மாதக் குளிரில் அவற்றின் அருகே நின்றால் முகத்தில் இதமான வெம்மை படும். சுருளின் நடுவே உள்ள துவாரத்தை எங்கள் தொழிலில் கண் என்று சொல்வோம். எத்தனை பொருத்தமான பெயர்! முதன்மைச் சங்கிலிகள் அந்தக் கண்ணுக்குள்ளால்தான் போகும்.

இத்தனை பாரமான ஒன்றை வெறும் தளத்தில் வைக்கக்கூடாது என்பது விதி. சரிவாக அறுத்த மரக்கட்டைகளை அடுக்கி, அவை நகராமல் இரும்புத் தாங்கிகளில் பொருத்தி, அடியில் இறப்பர் விரிப்பை இட்டு, அதன்மேல் சுருளை இறக்குவார்கள். சுருளின் அடிப்பாகம் தளத்தைத் தொடாமல் விரலளவு மேலே மிதக்கும். இந்த அமைப்புக்குத் தொழிலில் வழங்கும் பெயர் தொட்டில். பதினெட்டுத் தொன் உருக்கைக் குழந்தைபோலத் தொட்டிலில் கிடத்துகிற தொழில் இது. சொன்னால் மிகையாகத் தோன்றும். பாரந்தூக்கியை இயக்குபவர் கடைசி இரண்டு அங்குலத்தை இறக்கும் பக்குவத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது.

அடுத்தது சங்கிலி. எழுபதாம் தரச் சங்கிலி என்று பெயர். வளையம் வளையமாகப் பொன்முலாம் பூசியதுபோன்ற நிறம். சுருளின் கண் முன்னும் பின்னுமாக நோக்கும்படி அமைந்தால், இரண்டு சங்கிலிகள் அந்தக் கண்ணுக்குள் நுழைந்து, மூலைவிட்டமாக ஒன்றையொன்று வெட்டி, எதிரெதிர் மூலைகளில் இறங்கும். மேலும் சில சங்கிலிகள் சுருளின் தோளைத் தழுவி இரு பக்கமும் வரும். விளிம்பில் சங்கிலி அறுபடாதபடியும் உருக்கு வடுப்படாதபடியும் ஒரு மூலைக்காப்பு நடுவில் அமரும். பொருளையும் காக்கிறது, அதைக் கட்டியிருப்பதையும் காக்கிறது. எத்தனை கனிவான ஒரு துண்டு அது!

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. சரக்கின் எடையில் குறைந்தது பாதியையாவது கட்டுகளின் பாதுகாப்பான தாங்குதிறன் எட்டவேண்டும். எட்டில் மூன்று அங்குல எழுபதாம் தரச் சங்கிலி ஒன்று 6,600 இறாத்தல் தாங்கும். நாற்பதாயிரத்துக்குப் பாதி இருபதாயிரம். மூன்று சங்கிலிகள் போட்டால் 19,800. இருநூறு குறைகிறது. ஒரு அசை குறைந்த வெண்பா அடிபோல அந்தக் கட்டு நொண்டும். நான்காவது சங்கிலியையும் போட்டபின் 26,400. இப்போது அடி நிறைந்துவிட்டது.

வெண்பாவைச் சும்மா சொல்லவில்லை. யாத்தல் என்றால் கட்டுதல், யாப்பு என்றால் கட்டு. சீரோடு சீரை இணைப்பது தளை, அந்தச் சொல்லுக்கே விலங்கு, பிணிப்பு என்று பொருள். நம் முன்னோர் பாட்டுக்குப் பெயர் வைக்கும்போது கயிற்றையும் சங்கிலியையும் கையில் வைத்துக்கொண்டுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் இணைப்புப் பிசகினால் தளை தட்டுகிறது என்கிறோம். எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கிய அண்ணை முப்பது ஆண்டு பிளாட்பெட் ஓட்டியவர். அவர் ஒருநாள் என் கட்டைச் சுற்றிவந்து ஒரு சங்கிலியைக் கையால் தட்டிப் பார்த்தார். “தம்பி, கட்டினதைக் கண்ணாலை பாத்தால் காணாது, கையாலை கேக்க வேணும்” என்றார். இறுகிய சங்கிலி தட்டினால் ஒரு தெளிந்த ஒலி தரும். தளர்ந்தது கரகரக்கும். அன்றிலிருந்து நான் ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்கிறேன்.

ஒலியைப் பற்றிப் பேசும்போது பட்டியை விட்டுவிட முடியாது. மரமும் குழாயும் ஏற்றும் நாட்களில் நான்கு அங்குல அகலமான பட்டிகளால் கட்டுவோம். ஒன்று 5,400 இறாத்தல் தாங்கும். ட்ரெயிலரின் விளிம்பில் உள்ள உருளையில் சுற்றி, இரும்புக் கோலால் நெம்பி இறுக்குவோம். தட்டையாக, விறைப்பாக நிற்கும் பட்டியில் காற்று மோதினால் அது அதிரும். வீதி முழுவதும் ஒரே சுருதியில் முரலும், நாளடைவில் தானே தேய்ந்தும்போகும். அதற்கு மூத்த சாரதிகள் கண்ட மருந்து எவ்வளவு எளியது என்று பாருங்கள். இறுக்குவதற்கு முன் பட்டியை ஒரு அரைத் திருகு திருகிவிடுவார்கள். அவ்வளவுதான். காற்று அதன்மேல் ஒரே சீராகப் பிடித்துக்கொள்ள முடியாமல் வழுவிப் போய்விடும், பட்டி அமைதியாகிவிடும். கடந்துபோகும் பிளாட்பெட்டின் பட்டிகளில் அந்த ஒற்றைத் திருகு தெரிந்தால், கட்டியவர் காற்றோடு பழகியவர் என்று அறியலாம்.

தார்ப்பாய்தான் எனக்கு மிகப் பிடித்த இடம். மரச்சுமைக்கான தார்ப்பாய் ஒரு துண்டே ஏறக்குறைய நூறு இறாத்தல். அதைத் தோளில் தூக்கி, சுமையின் மேல் ஏறி, விரித்து, இரு பக்கமும் எட்டு அடி தொங்கவிட வேண்டும். குளிர்காலத்தில் அது தகரம்போல் விறைத்து நிற்கும். கோடையில் கறுத்த நாகம்போல் நழுவும். இரண்டு துண்டு விரிக்கும்போது பின்துண்டை முதலில் போடவேண்டும், முன்துண்டை அதன்மேல் படியும்படி போடவேண்டும். முதல்நாள் அண்ணை இதைச் சொன்னவுடனே எனக்கு எங்கள் ஊர்க் கொட்டிலின் கூரை கண்முன் வந்துவிட்டது. கிடுகு வேயும்போது கீழ்வரிசையை முதலில் வைத்து, மேல்வரிசை அதன்மேல் படியும்படி அப்பா கட்டிக்கொண்டு போவார். மழை மேலிருந்து வரும், ஆகவே மேல்வரிசை மேலே. இங்கே காற்று முன்னிருந்து வருகிறது, ஆகவே முன்துண்டு மேலே. கிடுகு கட்டிய அறிவும் வினைல் விரிக்கும் அறிவும் ஒன்றே என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லில் வைக்க இயலவில்லை.

அந்தத் தார்ப்பாயின் முன்மூலையைக் கவனியுங்கள். மிஞ்சிய துணியை உள்ளே மடித்து, அதன்மேல் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொன்று, காற்று நுழைய வாய் இல்லாதபடி ஒரு கூர்மையான முக்கோணமாக முடித்திருப்பார்கள். பட்டுச் சேலையின் கொய்யகத்தை மடித்துச் செருகும் விரல்களின் நேர்த்தி அதில் இருக்கும். பின்னர் இறப்பர் இழுவைகளை வளையம் வளையமாக மாட்டி, ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் கீழே கொளுவிச் செல்வார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு நல்ல சாரதி பத்து அடி பின்னால் வந்து நின்று பார்ப்பார். அந்தப் பார்வைக்கு எந்த விதியும் கூலி தருவதில்லை. ஆனால் அதைப் பார்க்காமல் புறப்பட்ட நல்ல சாரதி எவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

விதியும் தன்னளவில் அழகான ஒன்றுதான். கடும் பிரேக் போட்டால் சரக்கு முன்னோக்கித் தள்ளும் விசை அதன் எடையில் 80 விழுக்காடு வரை வந்தாலும் கட்டுத் தாங்கவேண்டும். பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 50 விழுக்காடு. அளந்து வைத்த இந்த எண்களுக்குப் பின்னால், முன்னால் போகும் ஒரு சின்னக் காரையும் அதற்குள் உறங்கும் குழந்தையையும் யாரோ நினைத்திருக்கிறார்கள். புறப்பட்டு 80 கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்திக் கட்டைப் பார்க்கவேண்டும். அதன்பின் 240 கிலோமீற்றர் அல்லது மூன்று மணிநேரம், எது முந்துகிறதோ அப்போது மறுபடியும். சரக்கு வீதியின் அதிர்வில் தன் இருக்கையில் அமரும், அமர்ந்தால் சங்கிலி தளரும். கட்டியதோடு கடமை முடிந்துவிடாது என்பதை அந்த 80 கிலோமீற்றர் எங்களுக்கு நாளும் நினைவூட்டுகிறது.

விண்ட்சரின் கார்த் தொழிற்சாலைகளை நோக்கிச் சுருள் கொண்டுபோகும் நாட்களில் பிரான்ட்ஃபோர்டைக் கடந்ததும் நான் நிறுத்துவேன். கையுறையைக் கழற்றிவிட்டு இடப்பக்கத்திலிருந்து தொடங்குவேன். ஒவ்வொரு சங்கிலியையும் தட்டி, அதை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு இறுக்கியையும் அசைத்து, மூலைக்காப்புகளைத் தடவி, பின்விளக்குகளைக் கடந்து வலப்பக்கமாக முன்னால் வருவேன். கோயில் வீதியைச் சுற்றி வருகிற நிதானம் தானாகவே கால்களுக்கு வந்துவிடுகிறது. பெட்டி ட்ரெயிலர் ஓட்டிய காலத்தில் என் சரக்கை நான் தொட்டதே இல்லை. இப்போது ஒரு பயணத்தில் பலமுறை தொடுகிறேன். அது சேருமிடத்தில் இறங்கி, தளம் மீண்டும் மெல்ல நிமிர்ந்து தன் புருவ வளைவைப் பெறும்போது, மகளை மணமுடித்து அனுப்பிய வீடுபோல ஒரு நிறைவும் வெறுமையும் சேர்ந்தே வருகின்றன.

அடுத்தமுறை 401 பெருவீதியில் ஒரு பிளாட்பெட்டைக் கடக்கும்போது, பாதுகாப்பான தூரத்தில் இருந்தபடி ஒரு கணம் அதைப் பாருங்கள். பட்டியில் அந்த அரைத் திருகைத் தேடுங்கள். தார்ப்பாயின் முன்மூலை மடிப்பைப் பாருங்கள். சங்கிலிகளை எண்ணுங்கள். வீதியோர ஓய்விடம் ஒன்றில், மழையிலோ பனியிலோ, ஒருவர் தன் ட்ரெயிலரைச் சுற்றி மெல்ல நடந்து ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பதைக் கண்டால், முடிந்தால் கையசைத்துவிட்டுப் போங்கள். அந்தப் பதினெட்டுத் தொன்னுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பவை நான்கு சங்கிலிகளும் அவருடைய அந்த நடையும்தான்.