ஒரு காதல், பல வாய்கள்

மெல்பர்னின் மேற்குப் புறநகரான ட்ருகனினாவுக்கென்று ரயில் நிலையம் கிடையாது. நகருக்குள் போக டார்னீட்டிலோ வில்லியம்ஸ் லேண்டிங்கிலோ ஏற வேண்டும். வழியெல்லாம் பாதையோரச் சுவர்களில் ஸ்ப்ரே பெயின்ட் கிறுக்கல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். இரவோடு இரவாக இதையெல்லாம் வரைபவன் யார்? இந்தக் கேள்வியை வைத்தே ஒரு காதல் நகைச்சுவை நாவல் எழுதிவிட்டார் காத் கிரௌலி. விக்டோரியாவின் கிராமப்புறத்தில் வளர்ந்து மெல்பர்னில் குடியேறியவர். 2010இல் வந்த 'கிராஃபிட்டி மூன்', மறு ஆண்டே பிரதமர் இலக்கிய விருதின் இளையோர் பிரிவிலும், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் எதெல் டர்னர் பரிசிலும் வென்றது.

கதை ஒரே இரவில் நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த லூசி, கண்ணாடி ஊதும் கலையைக் கற்பவள். 'ஷேடோ' என்று கையெழுத்திட்டுச் சுவர்களில் வரையும் முகம் தெரியாத ஓவியன் மேல் அவளுக்குக் காதல். அவனைத் தேடி நகரமெங்கும் அலைகிறாள். அலையும்போது துணைக்கு வருபவன் எட். முன்பொரு முறை சேர்ந்து வெளியே போனபோது அத்துமீறியதற்காக அவளிடம் மூக்குடைபட்டவன். அந்த எட்தான் ஷேடோ. ஒரு அத்தியாயம் லூசி சொல்கிறாள், அடுத்தது எட் சொல்கிறான், நடுநடுவே எட்டின் நண்பன் லியோ 'போயட்' என்ற பெயரில் கவிதையாகச் சொல்கிறான். ஆக வாசகருக்கு ஆரம்பத்திலேயே எல்லாம் தெரியும். கதை சொல்பவர்களில் தெரியாதவள் லூசி ஒருத்திதான்.

இப்படிப் பலர் சொல்லும் காதல் நாவல்களைப் பற்றி வாசகர்களோடு பேசினால் மூன்று புகார்கள் மாறி மாறி வரும். 'எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், அத்தியாயத் தலைப்பைப் பார்த்தால்தான் யார் என்று தெரிகிறது' என்பது முதலாவது. 'நடந்ததையே இன்னொருவர் வாயால் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது' என்பது இரண்டாவது. மூன்றாவதை யாரும் புகாராகச் சொல்வதில்லை. ஏக்கமாகச் சொல்வார்கள்: 'அந்தத் தோழிக்கும் ஒரு அத்தியாயம் கொடுத்திருக்கலாமே.' கிரௌலியின் நாவலில் லூசியின் தோழிகள் ஜாஸும் டெய்சியும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள், ஆனால் கதை சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. பேசவிட்டிருந்தால் நாவல் இன்னும் சிரித்திருக்கும் என்றுதான் எனக்கும் படுகிறது.

முதல் புகார் பாதி நியாயம். லூசியும் எட்டும் இருவருமே ஓவியர்களின் கண்ணால் உலகைப் பார்ப்பவர்கள், இருவருக்கும் உவமை கைவந்த கலை. குரல்கள் சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. இரண்டாவது புகாரை நான் ஏற்கமாட்டேன். லூசி ஒரு பேச்சை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று படித்துவிட்டு, அதே பேச்சு எட்டுக்குள் என்ன செய்தது என்று படிக்கும்போதுதான் சிரிப்பே பிறக்கிறது. தன் எதிரில் இருப்பவனிடமே அவனைப் பற்றிப் புகழ்ந்து தள்ளுகிறாள் ஒருத்தி. அவனோ வாயைத் திறக்க முடியாமல் நடந்துவருகிறான். இருவர் மனமும் நமக்குத் திறந்திருப்பதால்தான் இது வேடிக்கை. லூசி மட்டும் சொல்லியிருந்தால் இது துப்பறியும் கதை, எட் மட்டும் சொல்லியிருந்தால் சோகக் கதை.

குரல் வேறுபாட்டுக்குச் சிறந்த உதாரணம் சிட்னியில் இருக்கிறது. ஜாக்லின் மொரியார்ட்டி எழுத்தாளராகும் முன் வழக்கறிஞர். புகழ்பெற்ற லியான் மொரியார்ட்டியின் தங்கை. 2003இல் வந்த அவருடைய 'ஃபைண்டிங் காஸி கிரேஸி' முழுக்கக் கடிதங்களும் டைரிக் குறிப்புகளும் நோட்டீஸ்களுமாக நகர்கிறது. ஆஷ்பரி பள்ளியின் மூன்று பெண்கள், எதிரிப் பள்ளியான புரூக்ஃபீல்டின் மூன்று பையன்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது ஆங்கில ஆசிரியரின் கட்டளை. எமிலியும் லிடியாவும் எழுதப்போய்க் காதலில் விழுகிறார்கள். காஸிக்கு மட்டும் மிரட்டல் கடிதம் வருகிறது. இதில் கதைசொல்லிகளைக் குழப்பிக்கொள்ளவே முடியாது. ஒவ்வொருத்திக்கும் தனிக் கோபம், தனிப் பொய், எமிலிக்கு வக்கீல் வீட்டு வாய். கடிதமாயிற்றே, எழுதும்போதே யாருக்கு எழுதுகிறோம் என்ற ஜாக்கிரதை வந்துவிடுகிறது. அம்மாவுக்கு ஒன்று, தோழிக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்று மூன்று விதமாகத் திரிகிறது உண்மை.

தமிழில் கடித நாவல் புதிதல்ல. மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' நூறாண்டுப் பழமை கொண்டது. ஆனால் அது ஒரு பெண்ணின் துயரக் கடிதங்கள். பல பேர் சேர்ந்து சிரிக்க வைக்கும் கதை வேறு வகை.

அந்த வகைக்கு வேர் தேடினால் நாவலைத் தாண்டி வெகுதூரம் பின்னால் போக வேண்டும். சங்க அகப்பாடல்களில் கவிஞர் தன் குரலில் பேசுவதே இல்லை. தலைவி, தோழி, தலைவன், செவிலி, பாங்கன், பரத்தை, கண்டோர் என்று பாத்திரங்கள்தான் பேசுகிறார்கள். களவில் யார் யார் பேசலாம், கற்பில் யார் யார் சேர்ந்துகொள்ளலாம் என்று தொல்காப்பியத்தின் செய்யுளியல் பட்டியலே போட்டிருக்கிறது. ஊராருக்கும் தகப்பனுக்கும் அண்ணனுக்கும் நேர்ப்பேச்சு கிடையாதாம். அவர்கள் சொன்னதாக மற்றவர்கள் சொல்லலாம், அவ்வளவுதான். காதலில் தகப்பனைப் பேசவிடக் கூடாது என்று தெரிந்து விதித்திருக்கிறார்கள்.

இதில் 'சிறைப்புறம்' என்றொரு உத்தி. தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கிறான். அது தெரிந்தும் தெரியாததுபோலத் தோழி தலைவியிடம் பேசுகிறாள். சொல்வது இவளுக்கு, சேர வேண்டியது அவனுக்கு. லூசி எட்டிடம் ஷேடோவைப் பற்றிப் பேசுவதை இதோடு வைத்துப் பாருங்கள். வேலி மட்டும் இல்லை. கேட்க வேண்டியவன் பக்கத்திலேயே நடக்கிறான், பேசுபவளுக்குத்தான் விஷயம் தெரியாது. தமிழ் வாசகருக்கு இந்த விளையாட்டு புதிதாக இருக்க நியாயமில்லை.

கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் வரும் தண்ணீர் கேட்ட கதையையும் இங்கே சொல்ல வேண்டும். சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் கலைத்த பயல், வளர்ந்தபின் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான். கொடுக்கப் போனவளின் கையைப் பிடிக்கிறான். அவள் அலறுகிறாள், தாய் ஓடி வருகிறாள், உடனே பெண் பேச்சை மாற்றி, அவனுக்கு விக்கல் என்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். இதைச் சொல்பவள் ஒருத்திதான், ஆனால் இதில் மூன்று அடுக்கு அறிவு இருக்கிறது: தாய்க்குத் தெரிந்தது, அவர்கள் இருவருக்கும் தெரிந்தது, கேட்டுச் சிரிக்கும் தோழிக்கும் நமக்கும் தெரிந்தது. காதல் நகைச்சுவையில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணுவதில் பயனில்லை. யாருக்கு எது தெரியாது என்பதில்தான் எல்லாம்.

அதனால்தான் ஒற்றைக் குரலே சில சமயம் இரண்டு குரலாக ஒலிக்கிறது. கிரேம் சிம்ஸியனின் 'தி ரோஸி ப்ராஜெக்ட்' 2013இல் மெல்பர்னின் டெக்ஸ்ட் பதிப்பகத்திலிருந்து வந்து உலகம் சுற்றியது. மரபியல் பேராசிரியர் டான் டில்மன் மனைவி தேட ஒரு கேள்வித்தாள் தயாரிக்கிறார். முழுக் கதையும் அவர் சொல்வதுதான். ஆனால் அவர் காணத் தவறுவதை வாசகர் ஒவ்வொரு பக்கத்திலும் காண்கிறார். ரோஸியின் பக்கத்தைக் கேட்க ஆசை வரும். கேட்டிருந்தால் டான் மீது நமக்கிருக்கும் பிரியம் பாதியாகியிருக்கும்.

அதே சிம்ஸியன் தன் மனைவி ஆன் பூயிஸ்டுடன் சேர்ந்து 2017இல் எழுதிய 'டூ ஸ்டெப்ஸ் ஃபார்வர்ட்' இருவர் மாறி மாறிச் சொல்லும் கதை. பிரான்ஸின் குளூனியிலிருந்து காமினோ யாத்திரைப் பாதையில் நடக்கும் நடுவயதுக்காரர்கள் ஸோயியும் மார்ட்டினும். பெண்ணின் அத்தியாயங்களை மனைவியும் ஆணின் அத்தியாயங்களைக் கணவரும் எழுதினார்கள். குரல் ஒன்றாகிவிடும் சிக்கலுக்கு இதைவிட நேர்மையான தீர்வு இல்லை. ஆனால் இருவருக்கும் இடையே மறைப்பதற்குப் பெரிய ரகசியம் இல்லாததால் சிரிப்பு குறைவு, நடை அதிகம். மூன்று பெண் எழுத்தாளர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக எழுதிய 'டேக் த்ரீ கர்ள்ஸ்' (கிரௌலி, சிமோன் ஹோவெல், ஃபியோனா வுட்) இந்த முறையில் பல படி மேலே போனது. ஆனால் அது காதலைவிடத் தோழமையைப் பற்றியது, இணையத்தில் பெண்பிள்ளைகளை இழிவுபடுத்தும் கொடுமையைப் பற்றியது.

தமிழ் வாசகர் சும்மா படித்துவிட்டுப் போகிறவரும் அல்ல. 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை விகடனில் வந்தபோது வாசகர்களிடம் எழுந்த எதிர்ப்புதான், அதே கதையை வேறொரு முடிவோடு ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்க'ளாக வளர்த்தெடுக்கக் காரணம். பாத்திரத்துக்காகச் சண்டை போடும் அந்தப் பழக்கத்துக்குப் பல குரல் நாவல் நல்ல தீனி. ஆளுக்கொரு கட்சி பிடிக்கலாம்.

எங்கள் மேற்குப் பகுதியில் அம்மாமார் ரமணிசந்திரனில் ஊறியவர்கள், பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தில் ஆங்கில நாவல் படிப்பவர்கள். இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு புத்தகம் வேண்டுமென்றால் விண்டம் நகர நூலகத்தில் மொரியார்ட்டியைக் கேளுங்கள். முதலில் 'காஸி', அடுத்து 'கிராஃபிட்டி மூன்'. பிள்ளைகள் படித்தபின் நீங்களும் படித்து, யார் கட்சி என்று சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பாருங்கள். கூடவே அந்தக் குறிஞ்சிக்கலிக் கதையையும் சொல்லுங்கள். விக்கல் என்ற இடத்தில் அவர்கள் சிரிப்பார்கள்.