திருவாசி இல்லாத நடராசர்

அண்மையில் ஒரு கருத்தரங்கில் பேசிய பேராசிரிய நண்பர், “கலை வரலாறு தொழிற்பேட்டை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது” என்று பெருமைப்பட்டுக்கொண்டார். அண்ணா பல்கலைக்கழகம் 2022-23 முதல் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டாயமாக்கிய ‘தமிழர் மரபு’ தாளைத்தான் அவர் சொன்னார். அதையே சமுதாயக் கல்லூரிகளுக்கும் நீட்டிவிட்டால் ஒரு பெரிய குறை தீரும் என்றார். அரங்கம் கைதட்டியது. எனக்குத் தட்டத் தோன்றவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் சில பருவங்கள் இந்தத் தாளை நடத்தியவன் நான். போய்ச் சேர்ந்தது எது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். வீணைக்குப் பக்கத்திலேயே பறையை வைத்த பாடத்திட்டம் இது. செப்புத் திருமேனியோடு ஊர்த் தெய்வத்தின் சுடுமண் உருவத்தையும், தேர் செய்யும் தச்சனின் கலையையும் சேர்த்துப் பேசுகிறது. நடுகல் என்ற சொல்லை இயந்திரவியல் மாணவன் வாயால் சொல்ல வைத்திருக்கிறது. எழுதியவர்களின் மனது நல்ல மனது.

நண்பரின் ஆசையும் நியாயமானதுதான். புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கிவைத்த சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு, படிப்பு பாதியில் நின்றவர்களுக்குக் கைத்தொழிலும் வேலையும் தேடிக் கொடுத்தது. அதில் கலைக்கு இடம் வந்தால் சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சி என்ற பின்வாசல் வழியாகத்தான் வரும். இந்த ஏற்பாட்டுக்கு முன்மாதிரியான அமெரிக்காவில் கதை வேறு. 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கிய மரபு அது. அங்கே செவிலியர் படிப்புக்கு வந்தவரும் கலை வரலாற்று வகுப்பில் உட்காரலாம். அந்த மதிப்பெண் பிறகு பட்டப் படிப்புக்கும் கணக்கில் சேரும். நம் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். ஆசையில் தவறில்லை, கொடுக்கப்போகும் பண்டத்தில்தான் தவறு.

தாள் மொத்தம் 15 மணி நேரம். அதில் சிற்பமும் ஓவியமும் வரும் அலகுக்கு 3 மணி நேரம். நடுகல்லிலிருந்து நவீன சிற்பம் வரை, செப்புத் திருமேனிகள், பழங்குடிகளின் கைவினை, தேர், பெரிய சுடுமண் உருவங்கள், ஊர்த் தெய்வங்கள், குமரிமுனைத் திருவள்ளுவர் சிலை, மிருதங்கம், பறை, வீணை, யாழ், நாகசுரம், இவை போதாதென்று சமூக, பொருளாதார வாழ்வில் கோயிலின் பங்கு. ஒன்றுக்குக் கால் மணி நேரம்கூடத் தேறாது.

இதைச் சொன்னால், “சரி, நேரத்தைக் கூட்டிக் கேட்போம்” என்பார்கள். என் வழக்கு நேரத்தைப் பற்றியது அல்ல. 30 மணி நேரம் கொடுத்தாலும் இதே கதைதான் நடக்கும். ஏனென்றால் இந்தப் பாடத்தில் எல்லாம் இருக்கிறது, பார்ப்பது மட்டும் இல்லை. கலைப் பாடம் என்றால் பார்க்க வைக்க வேண்டும் என்பது ஒன்றைத்தான் இருபது வருடமாக நான் சொல்லிவருகிறேன். கேட்பவர்களுக்கு அலுத்திருக்கும், இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன்.

ஒரு பருவத்தில் உள்தேர்வுக்கு நடராசர் படம் ஒன்றைக் கேள்வித்தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்தேன். கேள்வி ஒரே வரி: ‘இந்தத் திருமேனியை விளக்குக.’ திருவாலங்காட்டிலிருந்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போன சோழர் காலத்து நடராசர் அது. உலகம் முழுக்கப் பெயர் பெற்ற அந்தத் திருமேனிக்கு இன்று சுற்றி நிற்க வேண்டிய தீச்சுடர் வட்டமான திருவாசி இல்லை. விரிந்து பறக்கும் சடையும் இல்லை. உடம்பும் கைகால்களும் மட்டும் வெற்று வெளியில் ஆடிக்கொண்டிருக்கின்றன.

திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில் ‘சுற்றியுள்ள தீச்சுடர் வட்டம் பிரபஞ்சத்தைக் குறிக்கிறது’ என்றிருந்தது. இரண்டாவது தாளிலும் அதே வரி. ‘பறக்கும் சடையில் கங்கை’ என்று பத்துத் தாள்களுக்கு மேல் வந்துவிட்டது. கண்ணுக்கு நேரே அரை அடி தூரத்தில் படம் இருக்கிறது, அதில் வட்டம் இல்லை. விடைத்தாளில் மட்டும் சுடர்விட்டு எரிகிறது. ஏறக்குறைய ஐம்பது பேரில் மூன்று பேர்தான் ‘திருவாசி காணவில்லை’ என்று எழுதியிருந்தார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். உடுக்கை படைப்பு, தீ அழிப்பு, முயலகன் அறியாமை, வட்டம் பிரபஞ்சம் என்று அச்சடித்த குறிப்பு அவர்கள் கையில் இருந்தது. இந்த விளக்கம் உலகெங்கும் பரவியதற்குப் பெரிய காரணம் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி. 1912இல் எழுதிய கட்டுரையில் உண்மை விளக்கம் போன்ற சைவ நூல்களைத் துணைக்கொண்டு இதை அவர் கட்டியெழுப்பினார். பெரிய உழைப்பு அது. ஆனால் சிற்பத்தை ஏற்கெனவே பார்த்துத் தோய்ந்த ஒருவர் எழுதியதை, பார்க்காதவனுக்கு இரண்டு மதிப்பெண் விடையாகச் சுருக்கிக் கொடுத்தால், அது சிற்பத்துக்கு முன்னால் தொங்கும் திரைச்சீலையாகிவிடுகிறது. குறிப்பு கையில் இருக்கும்போது படத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

நேரில் அழைத்துப் போக வசதி இல்லையே என்பது அடுத்த சமாதானம். இதே திருமேனியைப் பற்றிப் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 1913இல் எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் முன்னால் இருந்தவை சென்னை அருங்காட்சியகத்துத் திருமேனிகளின் புகைப்படங்கள் மட்டும். உதடு, பக்கவாட்டு முகம், கை, கால் என்று ஒவ்வொரு இடமாக நின்று நின்று பார்த்து எழுதியிருக்கிறார். அந்த எழுத்து 1921இல், அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, அச்சில் வந்தது. சைவ சித்தாந்தத்தில் அவருக்கு யாரும் தேர்வு வைக்கவில்லை. படம் போதும், பார்க்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் நம் வகுப்பிலேயே இருந்தான் என்பதுதான் வயிற்றெரிச்சல். பகலில் கல்லூரி, இரவில் சிப்காட்டில் ஒரு ஃபவுண்டரியில் வேலை. தேர்வு முடிந்த மறுநாள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

“சார், இது எத்தனை பீஸ் சார்?”

“ஒரே வார்ப்புதான். ஏன்?”

“கை நாலும் வெளிய நீட்டிட்டிருக்கு. விரல் நுனி வரைக்கும் மெட்டல் எப்படி சார் போவும்? பாதியிலயே உறைஞ்சிடுமே.”

என் பத்து வகுப்புகளை விட அந்தக் கேள்வி பெரியது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மண் கூட்டைச் சுட்டு மெழுகை வெளியேற்றி, கூடு சூடாக இருக்கும்போதே உலோகத்தை ஊற்றுவார்கள் என்று சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தான். “மோல்டு சூடா இருந்தா ஓடும் சார்” என்று அவனே ஒப்புக்கொண்டான். பிறகு படத்தில் பீடத்தைக் காட்டி, “அப்ப அந்த வட்டத்த தனியா ஊத்திச் சொருகியிருப்பாங்க, அதான் காணாம போயிருக்கு” என்றான். பெரிய நடராசர்களில் திருவாசியைத் தனியாக வார்த்துப் பீடத்தில் பொருத்துவது உண்டு. குறிப்பில் இல்லாத ஒன்றை, வார்ப்பில் காற்றுத் துளை இருக்கிறதா என்று தினம் பார்த்துப் பழகிய கண் கண்டுபிடித்துவிட்டது. தொழிற்பேட்டைக்குக் கலையைக் ‘கொண்டுபோய்ச் சேர்ப்பதாக’ மேடையில் பேசுகிறோம். பார்க்கத் தெரிந்த கண்கள் அங்கே ஷிப்டு ஷிப்டாக நிற்கின்றன. நாம் கொண்டுபோவது அந்தக் கண்ணை மூடும் குறிப்பைத்தான்.

பார்க்கப் பழகியிருந்தால் அடுத்த கேள்வியும் தானாக எழும். திருவாலங்காடு இரத்தின சபை. காளியோடு நடந்த போட்டியில் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடிய ஊர்த்துவ தாண்டவத்தின் ஊர். அந்த ஊரிலிருந்து கிடைத்த திருமேனியோ இடக்காலைக் குறுக்கே வீசி ஆடும் ஆனந்த தாண்டவம். ஏன்? விடை எதுவாகவும் இருக்கட்டும், கேட்டிருந்தால் வரலாறு தொடங்கியிருக்கும். எங்கள் மாவட்டத்திலேயே இப்படிப் பார்த்துக் கேட்க எத்தனையோ இடம் இருக்கிறது. திருத்தணியில் மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டம் எட்டிப் பார்க்காத வீரட்டானேசுவரர் கோயில், அபராசித பல்லவன் காலத்தது. பின்புறம் யானை படுத்தாற்போல் வளைந்த தூங்கானை மாடம். பொன்னேரியிலிருந்து பேருந்து ஏறினால் பழவேற்காடு. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. பழவேற்காட்டுப் பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். சிறு வயதிலிருந்து தினமும் பார்த்த அந்தக் கல்லை ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. கேட்டதற்கு, “அது சிலபஸ்ல இல்லையே சார்” என்றாள்.

நான் வரம்பு மீறிப் பேசுவதாக நண்பர் சொல்லக்கூடும். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ ஒன்று வந்திருக்கிறதே என்பார். வந்தது வெறுமனே குறைவான ஒன்றாக இருந்தால் நானும் பொறுத்துக்கொள்வேன். இது இருப்பதையும் கெடுக்கிறது. கலை என்றால் மனப்பாடம் என்று ஒரு தடவை நம்பியவனைப் பிறகு எந்தக் கோயில் தூணுக்கு முன்னாலும் நிறுத்த முடியாது. சமுதாயக் கல்லூரிகளுக்கு இந்தத் தாளை இப்படியே கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல் என்பேன். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் ஒரு பருவத்துக்கு ஆறு படம் போதும். ஒரு படத்துக்கு இரண்டு வகுப்பு; முதல் வகுப்பில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. குறிப்பு அச்சடிக்கவே கூடாது.

அந்தத் தேர்வுக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட பொது விடைக்குறிப்பை இன்னும் வைத்திருக்கிறேன். நடராசர் கேள்விக்குத் திருவாசியின் பொருளை எழுதினால் இரண்டு மதிப்பெண். ‘திருவாசி காணவில்லை’ என்று எழுதிய மூன்று பேருக்கும் அந்தக் கணக்குப்படி இரண்டிரண்டு குறைத்திருக்க வேண்டும்.