கேட்கத் தெரியாத பக்கவாத்தியம்

கீபோர்டு வாங்கக் கடைக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்டைல் எத்தனை இருக்கு?" இரண்டாவது, "அதில் இந்தியன் எத்தனை?" மூன்றாவது விலை. யார் பாடப்போகிறார், என்ன பாட்டு, எத்தனை கட்டைச் சுருதி என்பதெல்லாம் கடை வாசலிலேயே நின்றுவிடும். யூடியூபில் இரண்டு மாடலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்களும் இதே வரிசையில்தான் மதிப்பெண் போடுகிறார்கள். குறை சொன்னால் தயாராக ஒரு பதில் வரும்: "அதெல்லாம் அந்தக் காலம் சார். அப்ப ரும்பா, வால்ட்ஸ்னு போட்டிருப்பான். இப்ப நமக்குன்னே மாடல் விட்டுட்டான். தபேலா, டோலக், தம்புரா எல்லாம் உள்ளேயே இருக்கு. இனிமே என்ன குறை?" குறை அந்தப் பதிலிலேயே இருக்கிறது என்பது என் கட்சி.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் திருக்கழுக்குன்றம் போன்ற ஊரில் ஒரு தெருவின் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு முழு ஆர்க்கெஸ்ட்ரா வைப்பது லேசான காரியமில்லை. இரண்டு கீபோர்டு, கிட்டார், பேஸ், டிரம்ஸ், தபேலா, டோலக், பாடகர்கள், வேன், சாப்பாடு என்று கணக்குப் போட்டால் வசூல் நோட்டு தாங்காது. ஸ்டைல் உள்ள ஒரு கீபோர்டும் இரண்டு பாடகர்களும் போதும் என்று ஆனதால்தான் பல தெருக்களில் பாட்டுக் கச்சேரி நின்றுபோகாமல் இருக்கிறது. கருவியும் இப்போது தூர தேசத்துப் பொருளில்லை. திருப்போரூர்ப் பக்கம் ஒன்ஹப் தொழிற்பூங்காவில் 2019 முதல் யமஹா தொழிற்சாலை நடக்கிறது. கீபோர்டும் கிட்டாரும் நம் மாவட்டத்திலேயே தயாராகின்றன. இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கென்றே யமஹா பிஎஸ்ஆர்-ஐ வரிசையையும், காஸியோ 'ஐஎன்' என்று பெயர் முடியும் மாடல்களையும் கொண்டுவந்தன. பிஎஸ்ஆர்-ஐ500இல் தம்புராவும் தபேலாவும் ஓடவிட்டுச் சாதகம் செய்ய 'ரியாஸ்' என்றே ஒரு வசதி உண்டு. வீட்டில் தனியாகப் பாடிப் பழகும் பிள்ளைக்கு அது பெரிய துணை. ட்ரினிட்டியின் எலெக்ட்ரானிக் கீபோர்டு தேர்வுக்குப் போகும் மாணவரிடம் தேர்வே ஸ்டைலோடு வாசிப்பதை எதிர்பார்க்கிறது. சபையில் யாராவது எழுந்து தன் கட்டையில் பாட்டை எடுத்துவிட்டால் சுருதியைப் பிடித்துக்கொள்ள ட்ரான்ஸ்போஸ் பட்டன் கைகொடுக்கிறது. இவர்கள் யாரோடும் எனக்கு வழக்கில்லை.

வழக்கு மேடையோடுதான். அரேஞ்சர் கீபோர்டின் தானாக ஓடும் பகுதிக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் 'ஆட்டோ அகம்பனிமென்ட்'. நம் பேச்சில் அது பக்கவாத்தியம். அந்தச் சொல்லை நாம் சும்மா வைத்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் எழுப்பினால் மட்டும் பக்கவாத்தியம் ஆகிவிடாது. பாடுகிறவர் ஒரு வரியை மூன்றாம் முறை எடுக்கப்போகிறார் என்பதை அவர் தோள் அசைவிலேயே தெரிந்துகொள்வதும், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் கையை அடக்குவதும், சங்கதி விழுந்ததும் அதற்கு ஒரு பதில் கொடுப்பதும் சேர்ந்ததுதான் அந்த வேலை. பக்கவாத்தியம் என்பது முதலில் காது, அப்புறம்தான் கை. ஸ்டைலுக்குக் காதே கிடையாது. இடது கை எந்தக் கார்டைப் பிடித்தது, எந்தப் பட்டன் அழுந்தியது: இந்த இரண்டும் அதற்குத் தெரியும். பாடகர் மேடையில் இருக்கிறாரா, டீ குடிக்கப் போய்விட்டாரா என்பது தெரியாது.

ஆடி மாதத்தில் பம்பை உடுக்கைக்காரர்கள் வர்ணிப்புப் பாடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பம்பை அடிக்கிறவர் கண் தோலில் இருக்காது. அருள் வரப்போகிறவரின் காலில் இருக்கும். அந்தக் கால் தரையை விட்டு எழும் நேரம் பார்த்து அடி இறுகும். மெல்ல மெல்லக் காலம் ஏறும். ஆள் தளர்ந்தால் அதுவும் தளரும். அதே பம்பைச் சத்தத்தைப் பதிவு செய்து ஸ்டைலாக்கி, அதே அம்மன் பாட்டுக்கு ஓடவிடுகிறோம். சத்தம் அசல். காலம் மட்டும் முதல் பாரில் வைத்த இடத்திலேயே கடைசிவரை நிற்கும். டெம்போவை ஏற்றப் பட்டன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இடது கை கார்டில், வலது கை மெட்டில் இருக்கும்போது அதை அழுத்த மூன்றாவது கை வேண்டும்.

அடுத்து தீர்மானம். பாட்டின் ஒரு பகுதி முடியும்போது மிருதங்கமோ தவிலோ ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லிச் சமத்தில் வந்து விழும். கச்சேரியே தெரியாதவர்கூட அந்த இடத்தில் தலையை ஆட்டுவார். ஸ்டைலில் இதற்கு ஈடாக இருப்பது ஃபில்-இன். யமஹா கருவியில் நாமே ஸ்டைல் ஆக்கினாலும் மெயின் பகுதியை 32 பார் வரை நீட்டலாம். ஃபில்லுக்குக் கிடைப்பது ஒரே பார். மூன்று முறை சொல்லவேண்டிய ஒன்றை ஒரு பாருக்குள் எங்கே அடைப்பது? அதனால் நம் மேடைகளில் தீர்மானம் என்பது 'டுகுடுகு' என்ற ஒரு உருட்டலாகச் சுருங்கிவிட்டது. கேட்டுக் கேட்டு, அதுதான் முறை என்று காதும் ஒப்புக்கொண்டுவிட்டது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்காதது இடது கை பறிபோவது. நம் பாட்டில் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அசைகிறது, சரிகிறது, அடுத்ததைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. கட்டை கட்டையாகப் பிரிந்து கிடக்கும் கீபோர்டில் அதைச் செய்ய இருக்கும் ஒரே வழி பிட்ச் பெண்டு. வீலோ ஜாய்ஸ்டிக்கோ, அது இருப்பது இடது ஓரத்தில். கீபோர்டில் கர்நாடக இசை வாசித்துப் பேர் வாங்கிய சத்யநாராயணன் போன்றவர்கள் வலது கையில் ஸ்வரத்தையும் இடது கையில் அசைவையும் வைத்துக்கொண்டுதான் ராகத்தை வரவழைத்தார்கள். ஸ்டைலைப் போட்ட மறு விநாடி அந்த இடது கை கார்டு பிடிக்கப் போய்விடுகிறது. தாளத்துக்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் கமகத்தின் கையை வெட்டிக் கொடுத்துவிடுகிறோம். பெரிய மாடல்களில் காலடியில் கிளைட் பெடல் வைத்துக்கொள்ளலாம். அது ஒரே அளவுக்கு வளைத்துவிட்டு நிமிரும். விரல் நுனியின் நிதானம் குதிகாலுக்கு வராது. தொடக்க மாடல்கள் பலவற்றில் வீலே கிடையாது. உதாரணத்துக்கு பிஎஸ்ஆர்-எஃப்51: 120 டோன், 114 ரிதம், வீல் இல்லை, மெல்லத் தொட்டாலும் அடித்தாலும் ஒரே சத்தம். அதையும் 'பாட்டுக்கு ஏற்றது' என்று வாங்கிக் கொடுக்கிறோம்.

கார்டுக்குள் போனால் சங்கதி இன்னும் மோசம். ஸ்டைலில் பேஸும் கிட்டாரும் வாசிக்கும் துணுக்குகள் இயல்பாக சி மேஜர் செவன்த் என்ற ஒரே கார்டை வைத்துப் பதிவாகின்றன. நாம் வேறு கார்டைப் பிடித்தால் கருவி அந்தத் துணுக்கை ஒரு கணக்குப்படி இடம் மாற்றிக்கொள்ளும். மேற்கத்திய மெட்டுக்கு அழகான ஏற்பாடு. பாட்டு வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ, அந்தர காந்தாரம், ப மூன்றும் சேர்ந்தால் சாட்சாத் மேஜர் கார்டு. கருவி சந்தோஷமாக அதைக் கண்டுபிடித்துவிடும். பிறகு பேஸ் நடக்க ஆரம்பிக்கும். நடக்கும் வழியில் சதுஸ்ருதி ரிஷபத்தையும் சதுஸ்ருதி தைவதத்தையும் மிதித்துக்கொண்டு போகும். பாடகர் மேலே சுத்த ரிஷபத்தில் நிற்கிறார். கீழே பேஸ் அரை ஸ்வரம் தள்ளி நிற்கிறது. சண்டை என்னவென்று கூட்டத்துக்குத் தெரியாது. 'என்னமோ ஒட்டல' என்று மட்டும் தெரியும். பழி பாடகர் தலையில் விழும்.

'இந்தியன் ஸ்டைல்' இவற்றில் எதையாவது தீர்த்ததா? பெட்டியின் வண்ணத்தை மாற்றியது, பெட்டியை மாற்றவில்லை. டிரம்ஸ் இருந்த இடத்தில் தபேலா, கிட்டார் இருந்த இடத்தில் சிதார். கார்டைக் கண்டுபிடிக்கும் மூளை அதேதான், ஃபில் அதேதான், நிற்காத ஓட்டமும் அதேதான். பென் டிரைவில் 'தமிழ் ஸ்டைல்' என்று விற்பவையும் அப்படியே. ஒரே பாட்டின் தாளத்தை நகலெடுத்த ஸ்டைலைச் செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் திருக்கழுக்குன்றத்திலும் ஒரே வாரத்தில் கேட்கலாம். கண்ணை மூடிக்கொண்டால் எந்த ஊரில் நிற்கிறோம் என்றே தெரியாது.

கருவியால் முடியாது என்று நான் சொல்லவில்லை. 1981இல் வந்த காஸியோ எம்டி-40 என்ற சிறு பெட்டியில் இருந்த 'ராக்' தாளத்தை ஜமைக்காக்காரர்கள் 1985இல் 'ஸ்லெங் டெங்' ஆக்கி, ரெக்கே இசையின் போக்கையே திருப்பிவிட்டார்கள். சிரியாவில் பாடகர் ஒமர் சுலைமானுக்குக் கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசித்த ரிசான் சயீத் வலது கையில் வாசிப்பதைக் கேட்டால், கருவி அவர் ஊரில் பிறந்ததோ என்று தோன்றும். அரபு இசைக்குக் கால் ஸ்வரம் வேண்டும். அதற்கென்று யமஹாவின் பிஎஸ்ஆர்-ஏ வரிசையில் ஸ்வரத்தை இறக்க முகப்பிலேயே பட்டன்கள் வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பாட்டுக்கு எது இல்லாமல் முடியாதோ அதைப் பெற்றுக்கொண்டார்கள். நாம் தபேலாச் சத்தம் கேட்டோம், கிடைத்தது. கமகம் கேட்கவில்லை, காத்திருக்கும் தாளம் கேட்கவில்லை. 'ஸ்டைல் எத்தனை?' என்று கேட்கிறவருக்கு எண்ணிக்கையைத்தானே கொடுப்பார்கள்.

ஆர்மோனியத்தின் கதையை இங்கே நினைவூட்டுவார்கள். வழுக்கிப் போகாத ஸ்வரம் நம் இசைக்கு ஆகாது என்று 1940இல் அகில இந்திய வானொலி அதை ஒதுக்கிவைத்தது. சுமார் 30 ஆண்டு கழித்துத்தான் கதவு திறந்தது. அந்தத் தடை முட்டாள்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாடக மேடையில் கிட்டப்பாவுக்கு அண்ணன் காசி ஐயர் வாசித்த ஆர்மோனியத்தைக் கேட்டு யாரும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அந்த உதாரணம் எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. ஆர்மோனியம் ஸ்வரத்தை வளைக்காது, காத்திருக்கும். கிட்டப்பா மேலே போய் நின்றால் துருத்தி அவரோடு நிற்கும். அதை அழுத்தியது பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரின் கை. ஸ்டைலுக்குப் பின்னால் அந்த மனிதர் இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? ஸ்டைல் எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள். யமஹாவின் எஸ்எக்ஸ்700இல் 400 ஸ்டைல், எஸ்எக்ஸ்900இல் 525 என்று விளம்பரத்தில் இருக்கும். அதிகப்படியான 125 ஸ்டைலுக்காகவே மேலே ஏறுவதாக இருந்தால், அந்தப் பணத்தில் ரிதம் பேட் வாசிக்கும் ஒருவருக்குப் பல கச்சேரிக்குச் சம்பளம் கொடுக்கலாம். பேடில் வரும் சத்தமும் பதிவு செய்த சத்தம்தான். அடிக்கிற கைக்குக் காது இருக்கிறது. அவர் தாளத்தை எடுத்துக்கொண்டால் உங்கள் இடது கை வீலுக்குத் திரும்பிவிடும். முதலில் பார்க்கவேண்டியது அந்த வீல், அதன் இழுவை, கட்டையின் தொடுதல். அடுத்தது, ஸ்டைலின் எட்டுப் பகுதிகளில் பேஸ், கார்டு, ஃப்ரேஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெறும் தாளத்தை மட்டும் ஓடவிட முடிகிறதா என்பது. ராகம் தழுவிய பாட்டுக்குப் பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். மூன்றாவது, சொந்தமாக ஸ்டைல் ஆக்கும் வசதி. யமஹாவின் எஸ்எக்ஸ் வரிசையிலும் கோர்க் பிஏ வரிசையிலும் அது உண்டு. வாங்கிய பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன். உங்கள் ஊர்ப் பம்பைக்காரரைக் கூப்பிட்டு ஒரு மத்தியானம் உட்காரவைத்தால், பென் டிரைவ் வாங்கத் தேவையில்லை.

கடைக்குப் போகும்போது பாடகரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டெமோ பட்டனை அழுத்தவே வேண்டாம். அவரை ஒரு விருத்தம் பாடச் சொல்லுங்கள். மாணிக்கவாசகர் நம் திருக்கழுக்குன்றத்துக்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார், அதில் ஒரு பாட்டாகவே இருக்கட்டும். தாளமில்லாமல் அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி உங்களால் கூடவே போக முடிகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டைலைப் போட்டு, தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். அப்போது கருவியைப் பார்க்காமல் அவர் கண்ணைக் கவனியுங்கள். நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகரைப் பார்ப்பார். அடுத்த வரியை எப்போது எடுப்பது என்று தெரியாமல் பாடகர் உங்கள் விரலையும் பட்டனையும் மாறி மாறிப் பார்த்தால், அந்தப் பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.