கட்டை போடுவதும் ஆட்டம்தான்

ஒரு பேட்ஸ்மேன் பத்துப் பந்துகளைத் தொடர்ந்து தடுத்தாடினால் போதும், “கட்டை போட்டே நேரத்தை ஓட்டுறான்” என்று நமக்குச் சலிப்பு வந்துவிடுகிறது. வர்ணனையாளர்கள் அதையே ‘டிஃபென்சிவ்’ என்கிறார்கள். குரலில் குறை சொல்லும் தொனி தெரிகிறது.

அந்தச் சொல் பிறந்தபோது இப்படி இளைத்திருக்கவில்லை. லத்தீனில் ‘டிஃபென்டெரே’ என்றால் வருவதை எதிர்த்துத் தள்ளுவது. அதன் உள்ளே இருக்கும் ‘ஃபென்டெரே’வுக்கு அடித்தல், மோதுதல் என்று பொருள். தாக்குதலைச் சொல்லும் ‘அஃபென்ஸ்’ கூட அதே வேரில் கிளைத்ததுதான். பிரெஞ்சு வழியாக இடைக்காலத்தில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது கோட்டைக்கும் படைக்கலனுக்கும் உரிய சொல். விமர்சனம் என்றாலே முகம் சுருங்கிச் சமாதானம் சொல்பவரை அது குறிக்கத் தொடங்கியது வெகு பின்னால். அந்த வாடைதான் மைதானத்திலும் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

2021 ஜனவரி 11, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி டெஸ்டின் கடைசி நாளைப் பாருங்கள். இந்தியாவுக்கு இலக்கு 407. பந்த் 118 பந்துகளில் 97 அடித்து வெற்றிக் கனவை மூட்டிவிட்டுப் போனார். 205 பந்துகள் தாங்கிய புஜாரா 77-ல் ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 272. தொடைத் தசை கிழிந்த விஹாரியும், முதுகு வலியோடு அஷ்வினும் களத்தில். ஜடேஜாவுக்குக் கட்டைவிரல் முறிவு. கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேஸில்வுட், லயன் என நால்வரும் மாறி மாறிப் பந்து வீசினார்கள். நாற்பது ஓவருக்கும் மேல் இந்த ஜோடி அசையவில்லை. அஷ்வின் தமிழிலேயே விஹாரிக்குத் தெம்பு சொன்னது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. விஹாரி 161 பந்துகளில் 23, அஷ்வின் 128 பந்துகளில் 39. ஆட்டம் டிரா. ஆஸ்திரேலிய கேப்டன் பெய்ன் சில கேட்ச்களை விட்டது உண்மைதான். ஆனால் பந்தைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு, கைகளைத் தளர்த்தி, ஃபீல்டருக்கு எட்டாமல் காலடியிலேயே சாகடிக்கும் வித்தையை நாள் முழுக்கச் செய்தது அதிர்ஷ்டம் அல்ல.

எட்டே நாளில் பிரிஸ்பேன். அங்குள்ள காபா மைதானத்தில் 1988-க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றதே இல்லை. புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்துகளில் 56 எடுத்தார். எதிர்முனையில் கில் 91 எடுத்தார், பிறகு பந்த் ஆட்டமிழக்காமல் 89. வேகப்பந்து வீச்சாளர்களைப் புஜாரா களைக்க வைத்ததும் 328 ரன் இலக்கை எட்டிய அந்த வெற்றிக்கு ஒரு காரணம்.

பயத்தில் ஃபீல்டர்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்பும் கேப்டனையும் ‘டிஃபென்சிவ்’ என்கிறோம். அங்கே அந்தக் குறை நியாயமானது. புஜாராவையும் விஹாரியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிக்ஸர் அடிக்கப் பழக்கும் அதே வலையில், முன்காலை வைத்துத் தடுத்தாடவும் பிள்ளைகளுக்குத் தினமும் நேரம் ஒதுக்குங்கள்.